அரிசிக் கணக்கும் அறிந்த ஆண்டவர்: டோனாவூர் ஏமி அம்மையார் வரலாறு

விண்ணையும் மண்ணையும் படைத்தவருக்கு ஓர் ஏழை வீட்டு உலைப்பானையை எட்டிப் பார்க்க நேரம் இருக்குமா என்னும் கேள்வி மிகப் பழையது. நம் எறையூரில் கரும்பு வெட்டிய வாரக் கூலியை வாங்கி, கடைக்காரரின் கடன் நோட்டில் பாதியை அடைத்து, மீதியை முந்தானையில் முடிந்துகொண்டு வீடு திரும்பும் தாய்மார்கள் இக்கேள்வியைக் கேட்பதில்லை. பிள்ளையின் காய்ச்சலுக்காகவும், வீடு வந்து சேராத ஆட்டுக்குட்டிக்காகவும், தாம் போய்ச் சேருமுன் ரேஷன் கடையில் சீனி தீர்ந்துவிடக் கூடாது என்பதற்காகவும் அவர்கள் மனமார வேண்டிக்கொள்கின்றனர். படித்த பிள்ளைகளாகிய நீங்களே இக்கேள்வியைக் கேட்கிறீர்கள். கேட்பதில் தவறொன்றும் இல்லை. நம் சங்கத்தில் கிறித்தவரும் உண்டு, பிற சமயத்தாரும் உண்டு, சமயமே வேண்டா என்பாரும் உண்டு. யாராயினும், இக்கேள்விக்குத் தம் வாழ்நாள் முழுவதையும் விடையாக வைத்த ஒருவரின் வரலாற்றை அறிந்துகொள்வது நன்று எனக் கருதி, திருநெல்வேலிச் சீமையில் டோனாவூர் என்னும் சிற்றூரில் வாழ்ந்து மறைந்த ஏமி கார்மைக்கேல் அம்மையாரைப் பற்றி இம்மலரில் எழுத முற்பட்டோம்.

அம்மையார் 1867-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 16-ஆம் நாள், அயர்லாந்து நாட்டின் வடபகுதியில் மில்லைல் என்னும் கடற்கரை ஊரில் பிறந்தார். தந்தையார் டேவிட், தாயார் காதரின். மாவு ஆலை வைத்து வாழ்ந்த வசதியான குடும்பம் அது. ஏழு மக்களில் ஏமி மூத்தவர். மூன்று வயதுக் குழந்தையாய் இருந்தபோது அவருக்கு ஒரு குறை இருந்தது. தாயாரின் கண்கள் நீலம். தம் கண்களோ பழுப்பு. கடவுளிடம் எதைக் கேட்டாலும் கேட்பார் என்று தாயார் சொல்லியிருந்தார். ஆகவே ஓர் இரவு, தமக்கு நீலக் கண் தரவேண்டும் என்று வேண்டிவிட்டு, கிடைத்துவிடும் என்ற உறுதியோடு படுத்துறங்கினார். விடிந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறிக் கண்ணாடியைப் பார்த்தார். அதே பழுப்புக் கண்கள்! குழந்தை திகைத்துப் போயிற்று. இல்லை என்பதும் ஒரு விடைதான் என்று பின்னர் அக்குழந்தைக்கு விளங்கியது.

கண்ணின் நிறத்தையும் தோலின் நிறத்தையும் வைத்து மனிதரை எடைபோடும் வழக்கம் நம் நாட்டிலும் உண்டு. கறுத்த மேனியைக் கண்ணாடியில் பார்த்து நம் வீட்டுப் பெண்பிள்ளைகள் கலங்குவதை நாம் கண்டிருக்கிறோம். ஆதலால் இச்சிறு நிகழ்ச்சியை வேடிக்கைக் கதையாக மட்டும் நம்மால் படிக்க முடியவில்லை. இந்நாட்டுக்கு வந்தபின் அம்மையார் சேலை உடுத்தி, மேனிக்குக் காப்பிச் சாற்றைப் பூசிக்கொண்டு, வெள்ளையர் நுழைய இயலாத இடங்களுக்குச் சென்று வந்தார் என்று சொல்வார்கள். அவ்வேளையில் நீலக் கண் இருந்திருந்தால் அதுவே காட்டிக்கொடுத்திருக்கும் என்று அவரே எண்ணி மகிழ்ந்ததாகவும் சொல்வார்கள்.

இளமைக்காலத்தில் நடந்த மற்றொரு நிகழ்ச்சி அவருடைய போக்கையே மாற்றியது. குடும்பம் பெல்பாஸ்ட் நகரில் குடியேறிய பின்னர், ஒரு ஞாயிற்றுக்கிழமை வழிபாடு முடிந்து தம்பியரோடு வீடு திரும்புகையில், கந்தல் உடுத்திய ஒரு கிழவி சுமையைத் தூக்க மாட்டாமல் தெருவில் தள்ளாடுவதைக் கண்டார்கள். பிள்ளைகள் சுமையை வாங்கிக்கொண்டு, கிழவியின் கையைப் பிடித்து நடத்திச் சென்றனர். எதிரே ஆலயத்திலிருந்து வரும் கனவான்களும் சீமாட்டிகளும் வந்தனர். அத்தனை பேர் கண்ணிலும் படும்படி அக்கிழவியோடு நடப்பது பிள்ளைகளுக்கு நாணத்தைத் தந்தது. முகம் சிவந்து நடந்தனர். அப்போது வழியில் ஒரு நீரூற்றைக் கடக்கும் வேளையில், பொன், வெள்ளி, விலையேறப்பெற்ற கல், மரம், புல், வைக்கோல் என்று பவுல் அடிகள் கூறும் கட்டட உவமை ஏமியின் காதில் யாரோ சொன்னதுபோல் ஒலித்தது. திரும்பிப் பார்த்தால் ஒருவரும் இல்லை. நெருப்பு வந்து சோதிக்கும் நாளில் எது நிற்கும், எது எரிந்துபோகும் என்னும் எண்ணம் அன்றே அவர் உள்ளத்தில் வேரூன்றிவிட்டது. தெருவில் ஒருவரோடு சேர்ந்து நடப்பதற்குக்கூட நாணம் ஏற்படும் என்பது நமக்குப் புதிய செய்தியன்று. நாம் அந்நாணத்தின் மறுபக்கத்தில் நின்றவர்கள். நம்மோடு நடக்க நாணியவர்களைப் பார்த்தே வளர்ந்தவர்கள். நாணியபோதும் கையை விடாமல் நடந்தாள் அச்சிறுமி என்பதே இங்குக் கவனிக்கத்தக்கது.

1885-இல் தந்தையார் காலமானார். அதற்கு முன்பே தொழில் நொடித்துப் போயிருந்தது. அக்காலத்துப் பெல்பாஸ்ட் நூலாலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்கள் தொப்பி வாங்க வழியின்றித் தலைமேல் சால்வையைப் போட்டுக்கொண்டு வருவார்கள். அவர்களை ஆலயத்துக்கு அழைத்து வந்தபோது மேட்டுக்குடியினர் முகம் சுளித்தனர். அப்பெண்களுக்கென ஐந்நூறு பேர் அமரத்தக்க இரும்புத் தகட்டுக் கூடம் ஒன்று வேண்டும் என்று ஏமி வேண்டிக்கொண்டார். அதற்கு ஆகும் செலவு 500 பவுன். அத்தொகையை ஒரு பெண்மணி கொடுத்தார். ஆலை முதலாளி ஒருவர் சொற்பக் குத்தகைக்கு நிலம் கொடுத்தார். 1889-இல் கூடம் எழுந்தது. யாரிடமும் கையேந்தாமல் கடவுளிடம் மட்டும் சொல்லிவிட்டுக் காத்திருப்பது என்னும் அவருடைய வழக்கம் இங்கிருந்துதான் தொடங்கிற்று.

பின்னர் ஜப்பானில் ஓராண்டுக்குச் சற்றுக் கூடுதலாகப் பணியாற்றி, உடல்நலம் குன்றி, இலங்கையில் சில மாதம் தங்கி, தாய்நாடு திரும்பி, 1895 நவம்பரில் இந்தியா வந்து சேர்ந்தார். அதன்பின் ஐம்பத்தைந்து ஆண்டுகள் விடுமுறைக்கென ஒருமுறைகூடத் தாய்நாடு செல்லவில்லை. திருநெல்வேலிச் சீமையில் தாமஸ் வாக்கர் ஐயரிடம் தமிழ் கற்றார். இலக்கணம் அவரைப் படாத பாடு படுத்தியது என்பர். நம் மாணவர்க்கும் அது படுத்துகிறது என்பதால் இதைக் குறிப்பிட்டோம்.

பண்ணைவிளையைச் சுற்றிய சிற்றூர்களில் அவர் தமிழ்ப் பெண்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு மாட்டு வண்டியில் ஊர் ஊராகச் சென்றார். அப்பெண்களுள் தலையாயவர் பொன்னம்மாள். இளமையிலேயே கணவரை இழந்து, ஒரு மகளோடு, கைம்பெண்ணுக்குரிய ஒடுக்கமெல்லாம் பட்டவர். அவர் தம் நகைகளைக் கழற்றி வைத்தபோது உறவினரும் ஊராரும் கொதித்தெழுந்தனர். நகை என்பது அக்காலத்தில் அழகுப் பொருள் மட்டுமன்று. குலத்தின் முத்திரையும் அதுவே. டோனாவூர் வரலாறு என்றால் வெள்ளைக்கார அம்மையாரைப் பற்றியே எல்லோரும் பேசுகின்றனர். பொன்னம்மாள் இன்றி அவ்வரலாறு இல்லை என்பது நம் முடிவு. அம்மையாரும் அவ்வாறே எண்ணினார் போலும்; பொன்னம்மாளின் வாழ்வைத் தனி நூலாக எழுதி 1918-இல் வெளியிட்டார்.

டோனாவூர் என்னும் பெயர் பலருக்கு வியப்பாக இருக்கும். ரேனியஸ் ஐயர் காலத்தில், பிரஷ்ய நாட்டுப் பிரபு டோனா என்பவர் அனுப்பிய பொருளால் அங்கு ஆலயம் எழுந்தமையால் அவர் பெயரே ஊர்ப் பெயராயிற்று. மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்தில் களக்காட்டுக்கு அருகில் உள்ள ஊர் அது.

1901 மார்ச் மாதம், ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி பெருங்குளத்துக் கோயில் வீட்டிலிருந்து தப்பி ஓடிவந்தாள். முன்னொரு முறை தாயைத் தேடித் தூத்துக்குடிவரை ஓடியவள் அவள். தெய்வக் குற்றத்துக்கு அஞ்சிய தாய் திருப்பி அனுப்பிவிட, அவளுடைய பிஞ்சுக் கைகளில் சூடு போட்டிருந்தார்கள். இம்முறை ஒரு கிறித்தவப் பெண் அவளைக் கண்டு அம்மையாரிடம் கொண்டுவந்து சேர்த்தார். குழந்தை வந்ததும் அம்மையாரின் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, இனி இங்கேயே இருப்பேன் என்றாளாம். பொட்டுக் கட்டுதல் என்னும் வழக்கத்தின் பெயரால் சிறுமியர் எவ்வாறு விற்கப்பட்டனர் என்பதை அக்குழந்தை தன் பொம்மையை வைத்துக் காட்டிய விதத்தில்தான் அம்மையார் அறிந்துகொண்டார். பிரீனா என்னும் அச்சிறுமியே டோனாவூர்க் குடும்பத்தின் முதல் பிள்ளை. 1904 முதல் கைக்குழந்தைகளும் வரத் தொடங்கின. 1913-இல் ஏறத்தாழ 130 பெண்பிள்ளைகள் அங்கு இருந்தனர். 1918-இல் ஆண்குழந்தைகளையும் ஏற்றனர்.

இவ்விடத்தில் அம்மையாருக்கு ஓர் உள்ளப் போராட்டம் எழுந்தது. கடல் கடந்து வந்தது ஊர் ஊராகச் சென்று நற்செய்தி அறிவிக்க. இப்போதோ பகல் முழுவதும் பால் காய்ச்சுவதும், துணி அலசுவதும், பிஞ்சு விரல்களின் நகம் வெட்டுவதுமாகப் பொழுது போகிறது. பிள்ளை தாயின் காலைக் கட்டும் என்னும் நம் பழமொழியை அவர் அறிந்திருந்தார். ஆயாவாக மாறிப்போவதற்கா இத்தனை தொலைவு வந்தோம் என்று எண்ணினார். நண்பர்கள் சிலரும் அவ்வாறே கூறினர். அப்போது அவருக்கு நினைவு வந்தது இயேசு இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு மீனவரின் கால்களைக் கழுவிய நிகழ்ச்சி. கால் கழுவுதல் அடிமையின் வேலை. குரு அதைச் செய்தார் என்றால் நகம் வெட்டுவதில் இழிவு என்ன? அதன்பின் பெரிய வேலை, சிறிய வேலை என்ற பாகுபாட்டையே அவர் விட்டுவிட்டார். புதிதாக வேலைக்கு வருவோரிடமும் இதையே முதலில் எதிர்பார்த்தார். துப்புரவு வேலையையும் துணி வெளுப்பதையும் பிறப்போடு சேர்த்துக் கட்டி, அதைச் செய்தவரைத் தொடாமல் ஒதுக்கிவைத்த ஒரு நாட்டில் இது எத்துணைப் பெரிய செய்தி என்பதை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அங்கு ஒரே குடும்பம் என்பது பெயரளவில் இருந்ததன்று. அம்மையாரைப் பிள்ளைகள் அம்மா என்றனர். குழந்தைகளைப் பேணிய தமிழ்ப் பெண்கள் அக்காள் எனப்பட்டனர். கடல் கடந்து வந்த பெண் ஊழியர் சித்தி, ஆண்கள் அண்ணாச்சி. பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பிறந்த நாள் தெரியாது. அதற்காக அந்த மகிழ்ச்சி அவர்களுக்கு இல்லாமற் போகலாமா? டோனாவூருக்கு வந்து சேர்ந்த நாளையே வந்த நாள் என்று பெயரிட்டு, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆண்டுதோறும் கொண்டாடினர். நூற்றுக்கணக்கான பிள்ளைகள் உள்ள இடத்தில் ஒவ்வொருவருடைய வந்த நாளையும் நினைவில் வைத்து ஒரு பரிசு தருவது எளிய செயலன்று. பல ஆண்டுகள் பள்ளியில் வருகைப் பதிவேடு எடுத்த நமக்கு அதன் அருமை தெரியும். பெயர்களை வாசித்துவிடலாம், பெயருக்குரிய பிள்ளையை நினைவில் வைத்திருப்பது வேறு.

ஆனால் எல்லாம் இனிதே நடந்தது என்று எண்ண வேண்டா. கைக்குழந்தைகளுக்குத் தாய்ப்பால் கிடைக்கவில்லை. ஊர்ப் பெண்கள் கொடுக்க முன்வரவில்லை. சாதி குறுக்கே நின்றது. பால்மாவும் மாட்டுப் பாலும் எல்லாக் குழந்தைகளுக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. அக்காலத்தில் டோனாவூரில் மருத்துவர் இல்லை. ஆகவே தென் திருவிதாங்கூரில் நெய்யூர் மருத்துவமனைக்கு அருகில் ஒரு குழந்தைகள் இல்லம் அமைத்துப் பொன்னம்மாளைப் பொறுப்பில் வைத்தனர். கைக்கு எட்டிய தூரத்தில் ஒரு மருத்துவர் இருக்கட்டும் என்பதே நோக்கம். பொன்னம்மாள் இரவும் பகலும் பாலை அளந்து, புட்டிகளைக் கொதிநீரில் இட்டு, எந்தக் குழந்தைக்கு எந்த அளவு ஒத்துக்கொள்கிறது என்று கற்றுக்கொண்டார். அப்படியிருந்தும் தொடக்க ஆண்டுகளில் ஒரு கொள்ளைநோய் வந்து பல குழந்தைகளை வாரிக்கொண்டு போயிற்று. அதே கடவுளிடந்தான் அக்குழந்தைகளுக்காகவும் வேண்டினர். பொன்னம்மாளும் புற்றுநோயால் நெடுநாள் துன்புற்று 1915 ஆகஸ்டில் மறைந்தார். மூன்று வயதில் கண்ணாடிமுன் கிடைத்த விடையே இப்போதும் கிடைத்தது. ஆனால் இம்முறை அது கண்ணின் நிறத்தைப் பற்றியதன்று. அம்மையார் இம்மரணங்களுக்கு விளக்கம் கூறி மழுப்பவில்லை என்பதே அவர்மீது நமக்கு மதிப்பு உண்டாகக் காரணம். மறுநாள் காலையில் எஞ்சிய குழந்தைகளுக்குப் பால் காய்ச்சினர்.

இனிப் பணக் கணக்குக்கு வருவோம். டோனாவூரில் யாரிடமும் நன்கொடை கேட்பதில்லை, கடன் வாங்குவதில்லை, ஊழியருக்குச் சம்பளம் இல்லை. அரிசி, பருப்பு, பால், துணி, மருந்து, சுவர் எழுப்பச் செங்கல் என்று எதுவாயினும் தேவையைக் கடவுளிடம் சொல்லுவர். அனுப்புகிறவர்கள் தாமாகவே அனுப்ப வேண்டும். முதல் உலகப் போர் நடந்த ஆண்டுகளில் விலைவாசி ஏறிற்று. பிள்ளைகளின் எண்ணிக்கையோ குறையவில்லை. எந்த மாதத்தில் எவ்வளவு தேவைப்பட்டது, எவ்வளவு வந்தது, எங்கிருந்து வந்தது என்பவற்றையெல்லாம் அம்மையார் எழுதி வைத்தார். தேவையான தொகைக்குச் சரியாக, தேவையான நாளுக்குச் சற்று முன்னர், அத்தேவையை அறிந்தே இராத ஒருவரிடமிருந்து கடிதம் வந்து சேர்ந்த நிகழ்ச்சிகளைத் தொகுத்து 1922-இல் ஒரு சிறு நூல் வெளியிட்டார். அடுத்த ஆண்டில் ஒன்று, 1929-இல் மற்றொன்று எனத் தொடர்ந்தார். 1929-இல் வந்த நூலுக்குப் பானையில் உள்ள மா என்று பொருள்படும் பெயரை இட்டார். பஞ்ச காலத்தில் சாறிபாத்து ஊர்க் கைம்பெண் ஒருத்தி, கடைசிப் பிடி மாவையும் கலயத்து எண்ணெயையும் கொண்டு எலியா தீர்க்கதரிசிக்கு அடை சுட்டுக் கொடுத்ததும், அதன்பின் மழை பெய்யும் நாள்வரை மாவும் எண்ணெயும் தீராதிருந்ததும் விவிலியத்தில் உள்ள கதை. கவனியுங்கள்: களஞ்சியம் நிரம்பி வழிந்தது என்று அக்கதை சொல்லவில்லை. அன்றன்றைக்குத் தீராமல் இருந்தது, அவ்வளவே. டோனாவூரின் கணக்கும் அப்படிப்பட்டதுதான். 1927-இல் வழிபாட்டு இல்லம் ஒன்று கட்டினர். பரம சுக சாலை என்னும் மருத்துவமனையும் பின்னர் எழுந்தது. அவற்றுக்கும் இதே முறைதான்.

விவிலியத்தில் இத்தகைய சில்லறைக் கவலைகள் நிறைய உண்டு. எலிசாவின் சீடர்கள் யோர்தான் ஆற்றங்கரையில் மரம் வெட்டும்போது ஒருவனுடைய கோடரி நீரில் விழுந்துவிட்டது. அவன் கதறினான், ஏனெனில் அது இரவல் கோடரி. இரவல் வாங்கிய மண்வெட்டியைத் தொலைத்துவிட்டு வீடு செல்ல அஞ்சியவர்கள் நம் தெருவிலும் உண்டல்லவா? அக்கோடரி மிதந்தது என்கிறது வேதம். மற்றொரு கதையில், கணவனை இழந்தவளிடம் கடன்காரன் வந்து அவளுடைய இரு பிள்ளைகளையும் அடிமைகளாகக் கொண்டுபோகப் பார்க்கிறான். அவள் வீட்டில் இருந்தது ஒரு குடம் எண்ணெய். அது பெருகி, விற்றுக் கடனை அடைத்தாள், பிள்ளைகள் தப்பினர். தகப்பன் வாங்கிய கடனுக்குப் பிள்ளை பண்ணையாளாய்ப் போன காலத்தை நம் முதியோர் கண்டவர்கள். அடைக்கலான் குருவிகளைப் பற்றி இயேசு சொன்னதை மத்தேயுவும் லூக்காவும் எழுதியுள்ளனர். ஒரு காசுக்கு இரண்டு குருவி என்பது மத்தேயு கணக்கு. இரண்டு காசுக்கு ஐந்து என்பது லூக்கா கணக்கு. அப்படியானால் ஐந்தாவது குருவிக்கு விலையே இல்லை, அது கொசுறு. அந்தக் கொசுறுக் குருவியையும் கடவுள் மறப்பதில்லை என்பதுதான் அங்குக் கூறப்படும் செய்தி. ஊராரால் கொசுறாக எண்ணப்பட்ட மக்களுக்கு இதைவிட நெருக்கமான வசனம் வேறு உண்டா என்று நாம் பலமுறை எண்ணியதுண்டு.

எனினும் நம் இளைஞர் ஒருவர் எழுந்து கேட்கக்கூடும். ஒரு வெள்ளைக்கார அம்மையாரின் அரிசிக் கணக்கைப் பார்த்த கடவுள், நம் பாட்டன் பாட்டி பட்டினி கிடந்தபோது எங்கே போயிருந்தார்? அவர்கள் வேண்டவில்லையா? கேள்வி நியாயமானது. அவர்கள் வேண்டினார்கள், நம் வீட்டு முதியோரின் வேண்டுதலைக் காதால் கேட்டவர்கள் நாம். இதற்கு எளிய விடை சொல்லும் போதகரை நாம் நம்புவதில்லை. ஒன்றை மட்டும் கூறலாம். டோனாவூருக்கு வந்த ஒவ்வொரு தொகைக்கும் பின்னால், எங்கோ ஒரு வீட்டில் ஒருவர் உட்கார்ந்து, முகமறியாப் பிள்ளைகளை நினைத்து, உறையில் பணத்தை வைத்து அஞ்சலில் சேர்த்தார். கொடுக்க வேண்டும் என்னும் எண்ணம் வந்தும் கொடாமல் விட்டவர்களும் இருந்திருப்பர். நம் பாட்டன் பாட்டியின் வேண்டுதல்கள் எத்தனை வீட்டு வாசலில், எத்தனை பண்ணையாரின் களத்துமேட்டில் வந்து நின்று திரும்பிப் போயின என்பதை யார் கணக்கெடுத்தார்? வானம் மூடியிருந்தது என்பதைக் காட்டிலும், கதவுகள் மூடியிருந்தன என்று சொல்வதே உண்மைக்கு நெருங்கியது எனத் தோன்றுகிறது.

சிறிய தேவை என்று எதையும் தள்ளுவதற்கில்லை. டோனாவூரில் வழிபாட்டு இல்லம் எழுந்த அதே 1927-ஆம் ஆண்டு மார்ச் 20-ஆம் நாள், மகாராட்டிரத்து மகாத் என்னும் ஊரில் அண்ணல் அம்பேத்கர் பல்லாயிரவரோடு பொதுக்குளத்துக்குச் சென்று ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடித்தார். ஒரு கை தண்ணீர்! அதைவிட அன்றாடமானது எது? மறுக்கப்பட்டவனுக்குத்தான் அது எவ்வளவு பெரிதென்று தெரியும். பிள்ளைகள் பள்ளிக்கு வராததற்குப் பசியே காரணம் என்று கண்டு காமராசர் மதிய உணவைத் தொடங்கியதும், 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்ததும் இவ்வகையைச் சேர்ந்தவையே. ஒரு தட்டுச் சோற்றால் வகுப்பறையில் என்ன மாறிற்று என்பதை எங்களைப் போன்ற ஆசிரியர்களைக் கேட்டால் சொல்வோம்.

அம்மையாரை நம் மக்களுக்கென்றே உழைத்தவர் என்று கூறுவது மிகையாகும். அவருடைய முதற்கவலை கோயில் வீடுகளில் சிக்கிய சிறுமியரைப் பற்றியது. அவர்கள் பல குலத்தார். ஆனால் டோனாவூரில் எக்குலத்துப் பிள்ளையும் ஒரே அடுக்களைச் சோற்றையே உண்டது. ஆலயத்துக்குள்ளேயே சாதி பார்த்து அமர்ந்த கிறித்தவர் மலிந்த காலம் அது என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். ஆலயத்தில் தனி இடமும் கல்லறைத் தோட்டத்தில் தனிச் சுவரும் வைத்துக்கொண்டு, தலைமயிரையும் எண்ணிவைத்த கடவுளைப் பற்றிப் பாடுவோரை நாம் கண்டிருக்கிறோம். அவர்களுக்கு டோனாவூரின் அடுக்களை ஒரு கண்டனம். அம்மையாரிடம் குறையே இல்லை என்று நாம் கூற வரவில்லை. தம் மக்களைச் சமயப் பணிக்கென்றே மிகக் கட்டுப்பாடாக வளர்த்தார். வெளியுலகத்தோடு கலக்கவிடுவதில் தயங்கினார். பிள்ளை பிடிப்பவர் என்று அக்காலத்தில் அவர்மீது குற்றம் சாட்டினர்; வழக்கும் தொடுத்தனர்; 1911-இல் ஒரு சிறுமியின் வழக்கில் தீர்ப்பு அவருக்கு எதிராகவே வந்தது. ஒவ்வொரு குழந்தையாகக் காப்பது அவர் வழி. அவ்வழக்கத்தையே சட்டத்தால் ஒழிப்பதற்குச் சட்டமன்றத்தில் போராடியவர் மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார். 1947-இல் சென்னை மாகாணத்தில் அச்சட்டம் நிறைவேறியது. இரண்டும் வேண்டியவையே. சட்டம் வரும்வரை குழந்தை காத்திருக்க முடியாது. ஒரு குழந்தையைக் காத்ததனால் சட்டம் வேண்டாம் என்றும் ஆகாது.

1919-இல் ஆங்கில அரசு அவருக்குக் கெய்சர்-இ-ஹிந்து பதக்கம் அளித்தது. அவர் மனம் வருந்தினார். பாராட்டு விழாவுக்கும் செல்லவில்லை. 1927-இல் டோனாவூர் ஐக்கியம் தனி அமைப்பாகப் பதிவாயிற்று.

1931 அக்டோபர் 24-ஆம் நாள். களக்காட்டில் மருந்தகத்துக்காக எடுத்த வீட்டைப் பார்வையிட மாலை மங்கும் நேரத்தில் அம்மையார் சென்றார். வேலையாட்கள் இடம் மாற்றித் தோண்டிவிட்ட குழி ஒன்று அங்குத் திறந்து கிடந்தது. இருட்டில் அதில் விழுந்து கால் எலும்பு முறிந்தது, கணுக்காலும் பிசகியது. அன்று காலையில்தான், பிள்ளைகளுக்கு இன்னும் நன்றாகப் பணி செய்யத் தம்மை என்ன வேண்டுமானாலும் செய்யும்படி கடவுளை வேண்டியிருந்தாராம். அறுபத்து மூன்று வயதில் விழுந்தவர் பழையபடி எழுந்து நடமாடவே இல்லை. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஓர் அறையே அவருடைய உலகமாயிற்று. கொசுறுக் குருவியையும் மறவாத கடவுள், ஒரு குழியை மூடிவைக்கும்படி யாருக்கும் நினைவூட்டவில்லையே என்று நமக்குத் தோன்றும். அவருக்கும் தோன்றியிருக்கும். வலியால் உறங்காத இரவுகளை அவர் மறைக்கவில்லை. நோயுற்றோர்க்கெனத் தமக்கு வந்த ஆறுதல் நூல்களையெல்லாம் எழுதியவர்கள் நலமுடையவர்களே என்பதைக் கண்டு சலித்து, நோயாளி நோயாளிக்கு எழுதுவதாக 1933-இல் ஒரு நூல் எழுதினார். படுக்கையில் இருந்தபடியே மேலும் பல நூல்கள் எழுதினார். பிள்ளைகள் அவ்வறைக்கு ஒவ்வொருவராக வந்தனர். வர இயலாதவர்க்குச் சிறு சீட்டுகள் எழுதி அனுப்பினார். தேர்வுக்கு அஞ்சிய பிள்ளைக்கு ஒன்று, தோழியோடு பிணங்கிய பிள்ளைக்கு ஒன்று, காய்ச்சலில் கிடந்த பிள்ளைக்கு ஒன்று என அச்சீட்டுகள் போயின. அவற்றைப் பல ஆண்டுகள் பெட்டியில் பொன்போல் வைத்துக் காத்தவர்கள் உண்டு.

1951 ஜனவரி 18-ஆம் நாள் விடியலில் அம்மையார் உறக்கத்திலேயே மறைந்தார். தமக்குக் கல்லறைக் கல் வைக்கக் கூடாது என்று முன்னரே சொல்லியிருந்தார். டோனாவூரில் அவர் வளர்த்து ஆளாக்கிய பிள்ளைகள் அச்சொல்லை மீறவில்லை. பிற பிள்ளைகளும் ஊழியரும் துயிலும் அதே தோட்டத்தில், மரத்தடியில் அவரை அடக்கம் செய்தனர். அவ்விடத்தில் கல்லால் ஆன நீர்த்தொட்டி ஒன்றை அமைத்து, தாயைக் குறிக்கும் ஒற்றைச் சொல்லை மட்டும் அதில் பொறித்தனர். தொட்டியில் எப்போதும் நீர் இருக்கும். குருவிகள் வந்து குடித்துப் போகும்.